வீட்டிலேயே கார் பெயிண்டைப் பராமரிக்க: கருநீலக் கார், போர் தண்ணீர், 15,000 ரூபாய். எதை வாங்குவது, எதை விடுவது?

தரமணிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு ஆண்டுகள் ஓடிய கருநீல நிற செடான் கார். நிழலில் நிற்கும்போது புதிதுபோலவே தெரிகிறது. ஆனால் வெயில் நேராக விழும்போதும், இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின்கீழ் நிற்கும்போதும் பானெட் முழுவதும் வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரிகின்றன. கூரையிலும் டிக்கி மூடியிலும் வெள்ளையாக நீர்த்தடங்கள் படிந்திருக்கின்றன. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் அவை போவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் காலையில் ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போகிறார். கழுவுவதற்குக் கிடைப்பது போர் தண்ணீர் மட்டுமே. பகலில் அலுவலகத்தில், பறக்கும் ரயில் பாதையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி நிற்கும்.

வெளியில் கொடுத்துப் பாலிஷ் போடுவதைவிட நானே கற்றுக்கொண்டு, ஆண்டு முழுவதும் பெயிண்டை நல்ல நிலையில் வைத்திருக்க விரும்புகிறேன். 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இணையக் கடையில் ரோட்டரி பாலிஷர் ஒன்று, கம்பவுண்டு (கடுமையாகத் தேய்க்கும் பாலிஷ்) டப்பா ஒன்று, 9எச் என்று அச்சிட்ட செராமிக் கோட்டிங் புட்டி ஒன்று ஆகிய மூன்றையும் தேர்ந்து வைத்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் அனுபவம் உள்ளவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

கோவை பெயிண்ட் பூத் எழுதியது:

நண்பரே, பணம் கட்டாமல் கேட்டதற்கு முதலில் நன்றி. டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் நெடுங்காலமாக வேலை செய்பவன் என்ற முறையில், பாலிஷர் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பாலிஷர் எதைத் தேய்க்கப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைய கார்களில் தகட்டின்மேல் முதலில் துருத் தடுப்புக்காக மின்னோட்டத்தால் படியவைக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 90 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். இதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. நீங்கள் காணும் சிலந்தி வலைக் கீறல்கள் அனைத்தும் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. கீறலை "நீக்குவது" என்று நாம் சொல்வதெல்லாம், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவதுதான். தேய்த்த அடுக்கு திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. அது மெலியும்போது சில ஆண்டுகளில் கூரையும் பானெட்டும் வெளுத்து, பிறகு செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதன்பின் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

ஆகவே உங்கள் 15,000 ரூபாயைச் செலவிடும் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். கீறல் விழாமல் கழுவவும் துடைக்கவும் தேவையானவற்றை முதலில் வாங்குங்கள். பாலிஷரை அதற்குப் பிறகு வாங்கலாம், அல்லது ஒருமுறைக்கு இரவலாகப் பெறலாம். தினமும் ஒரே வாளியில் பல வண்டிகளைத் துடைத்த துணியால் உங்கள் காரும் துடைக்கப்படுகிறது என்றால், இன்று நீங்கள் பாலிஷ் போட்டு எடுக்கும் கீறல்கள் இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடும். கிளியர் கோட்டில் சில மைக்ரான்களை இழந்ததுதான் மிஞ்சும். அந்தத் தினசரித் துடைப்பை இன்றே நிறுத்துங்கள். துடைப்பவரின் வருமானம் போகக்கூடாது என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம், அது நியாயமானது. அவரிடம் கண்ணாடிகளையும் சக்கரங்களையும் உட்புறத்தையும் மட்டும் சுத்தம் செய்யச் சொல்லி அதே தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

கோவை அண்ணன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ரோட்டரியை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆழமான கீறலையும் மணல்தாள் தடத்தையும் விரைவாக எடுக்க அதற்கு இணையான கருவி இல்லை. பட்டறைகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பானெட் ஒன்றை வாங்கி வந்து அதில் பழகிக்கொண்டு பிறகு சொந்த வண்டியில் கை வைத்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கோவை பெயிண்ட் பூத் எழுதியது:

பழைய பானெட்டில் பழகச் சொன்னது மிக நல்ல யோசனை; எந்தப் பாலிஷர் வாங்கினாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். ரோட்டரியைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். அதன் பேட் (தேய்க்கும் திண்டு) ஒரே அச்சில் ஒரே திசையில் சுழல்வதால், ஓர் இடத்தில் சற்று அதிக நேரம் நின்றாலும் வெப்பம் அங்கேயே குவியும். பானெட்டின் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். அங்கே சில நொடிகளில் பேஸ் கோட் வரை வெட்டிவிடும். பிளாஸ்டிக் பம்பர் வெப்பத்தைக் கடத்தாது என்பதால் அங்கே ஆபத்து இன்னும் கூடுதல். கை பழகாதவர் ரோட்டரி ஓட்டினால் கருநிறக் காரில் வெயில் படும்போது நிழல்போல நெளியும் ஹோலோகிராம் தடங்களும் வரும். தினமும் அதே வேலையைச் செய்யும் பட்டறைக்காரருக்கு அது சரி. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்போகும் நம் நண்பருக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான் ஏற்றது. அதைப் பற்றி விரிவாகப் பின்னர் எழுதுகிறேன். தண்ணீர் தெரிந்தவர்கள் முதலில் அந்த வெள்ளைத் தடங்களைப் பற்றிச் சொல்லட்டும்.

உப்புநீர் எழுதியது:

நீர்ப் பரிசோதனை என் தொழில் என்பதால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கார் பராமரிப்பு பற்றிய வெளிநாட்டுக் காணொளிகளில் தண்ணீரைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. சென்னையில் வேளச்சேரி, தரமணி, பள்ளிக்கரணைப் பக்கம் வசிப்பவருக்கோ ஷாம்புவின் தரத்தைவிடத் தண்ணீரின் தரமே முதன்மையான கேள்வி.

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர் வரையறையான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற அளவை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. நீரின் கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மக்னீசிய உப்புகள் இரண்டுக்கும் சேர்த்து, ஏற்கத்தக்க அளவு 200, அனுமதிக்கும் அளவு 600 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீரில் கரைந்த திடப்பொருள் 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். காரின்மேல் ஒரு லிட்டர் நீர் துடைக்கப்படாமல் ஆவியானால் ஒரு கிராம் உப்பு பெயிண்டில் படிகிறது என்று பொருள். அதுவும் பரவலாகப் படியாமல், ஒவ்வொரு துளி நின்ற இடத்திலும் வளையமாகப் படிகிறது. வெயிலில் சூடேறிய தகட்டின்மேல் இது திரும்பத் திரும்ப நடந்தால், மேலே ஒட்டியிருந்த உப்பு நாளடைவில் கிளியர் கோட்டை அரித்து நிலையான பள்ளமாகிவிடும்.

எனவே நான் பரிந்துரைக்கும் முதல் கருவி, கரைந்த திடப்பொருளை அளக்கும், கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மீட்டர். சில நூறு ரூபாய்தான். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. வடிகட்டியின் நீர் ஆகிய நான்கையும் அளந்து எழுதி வையுங்கள். போர் தண்ணீரில் அழுக்கைக் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு வாளி ஆர்.ஓ. நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ மேலிருந்து மெதுவாக வழியவிட்டு, உடனே ஒற்றி எடுத்துவிட்டால் தடம் மிகவும் குறையும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் சேமித்துக் காரைக் கழுவச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. அந்த நீரில் உப்பு மூலநீரைவிட அதிகம். தரை துடைக்க அது ஆகும், பெயிண்டுக்கு ஆகாது. மென்னீராக்கும் கருவி வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறதே தவிர மொத்த உப்பைக் குறைப்பதில்லை. ஆனால் சோடிய உப்பு நீர்பட்டால் கரைந்துவிடும் என்பதால் துடைப்பது எளிது.

இப்போது இருக்கும் தடங்களுக்கு, வெள்ளை வினிகரைச் சம அளவு ஆர்.ஓ. நீரில் கலந்து, நிழலில், குளிர்ந்த தகட்டின்மேல், நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு நன்றாகக் கழுவிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் கரைந்துவிடும். ஜிப்சம், சிலிக்கா வகைப் படிவுகள் வினிகருக்கு இளகமாட்டா. அவற்றுக்கென விற்கும் நீர்த்தட நீக்கிகள் வேண்டும், அவற்றில் பல வலுவான அமிலங்கள் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். இரண்டுக்கும் போகாத வளையம் உப்பு அன்று, அரிப்பு. அதைப் பாலிஷ் மட்டுமே எடுக்கும்.

மதுரை மல்லிகை எழுதியது:

உப்புநீர் ஐயா எழுதியதை மதுரையிலிருந்து வழிமொழிகிறேன்; எங்கள் தெருவிலும் இதே நிலைதான். கருப்பு நிறக் காரை வீட்டு வாசலிலேயே பராமரிப்பவள் என்பதால் கழுவும் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். இதுவரையிலான பதிவுகளில் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். இரண்டின் அடியிலும் மண் படிந்து கீழேயே தங்குவதற்கான சல்லடைத் தட்டு இருந்தால் நல்லது. ஒவ்வொரு பகுதியைக் கழுவிய பிறகும், கழுவப் பயன்படுத்தும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. மஞ்சள் பஞ்சை விட்டுவிடுங்கள். அதன் தட்டையான முகத்தில் மண் உள்ளே போக இடமில்லாமல் பெயிண்டின்மேலேயே இழுபடும். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை மண்ணை இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும்.

ஷாம்புவுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கார, அமிலத் தன்மை இல்லாத நடுநிலை கார் ஷாம்பு எதுவாக இருந்தாலும் போதும். நுரை மிகுதியாக வருகிறதா என்று பார்ப்பதைவிட, கையுறை வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். கடின நீரில் பல ஷாம்புகளின் வழுக்கல் குறைந்துவிடும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் மேலே இருக்கும் மெழுகை எடுத்துவிடும், அவற்றை வழக்கமாகப் பயன்படுத்தக்கூடாது.

உங்கள் தொகையில் பெரும்பகுதி துண்டுகளுக்குப் போகட்டும் என்று நான் துணிந்து சொல்வேன். பாலியெஸ்டர் 70, பாலியமைடு 30 என்ற விகிதத்தில் நெய்தவை நீரை நன்றாக உறிஞ்சும். 80க்கு 20 என்பதும் போதுமானது. சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ளவை பாலிஷைத் துடைக்க, 500க்கு மேற்பட்டவை மெழுகை மெருகேற்ற, 1,000 கிராமை ஒட்டிய முறுக்கிழைத் துண்டு உலர்த்துவதற்கு என மூன்று வகை வேண்டும். விளிம்பில் தையலோ லேபிளோ இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உலர்த்தும்போது துண்டைத் தேய்க்காமல், விரித்து வைத்து மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். தரையில் விழுந்த துண்டு அன்றோடு சக்கரத் துணி ஆகிவிட வேண்டும். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காதீர்கள், பஞ்சுத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையூட்டி சேர்த்தால் இழைகளில் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சும் தன்மை போய்விடும். இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

அடுக்குமாடியில் குழாய் கிடைக்காதவர்களுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்துக்கும் அலசத் தேவையில்லாத கழுவும் திரவங்கள் இருக்கின்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது சென்னையில் இருந்த என் தம்பி இதற்கு மாறினான். இன்றும் அதையே தொடர்கிறான். ஆப்டிமம் நோ ரின்ஸ் என்பது இவற்றில் பழையது, ஒரு பங்குக்கு 256 பங்கு நீர் என்பது அதன் அளவு. 8 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ 30 மில்லி வரும். ஒரு வாளி ஆர்.ஓ. நீரிலேயே முழுக் காரையும் முடிக்கலாம், ஆகவே உப்புத் தடப் பிரச்சினையும் இல்லை. ஆனால் மழையில் சேறு அப்பிய வண்டிக்கு இது பொருந்தாது; முதலில் நீர் அடித்து மண்ணைக் கழற்றியாக வேண்டும்.

தரமணிக்காரன் எழுதியது:

மிக்க நன்றி. டி.டி.எஸ். மீட்டரை நண்பரிடம் வாங்கி அளந்துவிட்டேன்: போர் தண்ணீர் 1,340, ஆர்.ஓ. நீர் 60. வினிகர் கலவையில் கூரையின் தடங்கள் பெரும்பாலும் போய்விட்டன, டிக்கி மூடியில் சில வளையங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. தினசரித் துடைப்பையும் கோவை அண்ணன் சொன்னபடி மாற்றிவிட்டேன். கழுவிய பிறகும் கையை வைத்தால் பெயிண்ட் சொரசொரப்பாக இருக்கிறது. அதற்குக் கிளே பார் (ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) வாங்க வேண்டுமா? பிரஷர் வாஷர் அவசியமா? மரத்தடியில் காக்கை எச்சமும் மரப்பிசினும் விழுகின்றன, அவற்றை எப்படி எடுப்பது?

மதுரை மல்லிகை எழுதியது:

எச்சத்துக்குச் சற்று அவசரம் வேண்டும். அதன் வெள்ளைப் பகுதியில் யூரிக் அமிலம் இருக்கிறது; வெயிலில் சூடான கிளியர் கோட்டில் சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும். காரில் ஒரு சிறு தெளிப்பான் புட்டியில் அலசத் தேவையில்லாத திரவத்தைக் கலந்து வையுங்கள். எச்சத்தின்மேல் தெளித்து, ஈரத் துணியை இரண்டு மூன்று நிமிடம் மூடிவைத்து, இளகியதும் தூக்கி எடுங்கள். காய்ந்த எச்சத்தில் மணல் இருக்கும், தேய்த்தால் கீறல்தான். பிசினுக்கும் தாருக்கும் அதற்கென விற்கும் தார் நீக்கி வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் தாரைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும்.

பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. வீட்டு உபயோகத்துக்கு 100 முதல் 130 பார் அழுத்தம் போதும். அகலமாகத் தெளிக்கும் முனையோடு, ஓரடிக்கு மேல் தள்ளி நின்று அடியுங்கள். உங்கள் அடுக்குமாடியில் குழாய் வசதியே இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேமித்துவிடலாம்.

கோவை பெயிண்ட் பூத் எழுதியது:

சொரசொரப்புக்குக் காரணம் ரயில் பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். சக்கரமும் தண்டவாளமும் உரசிக் கிளம்பும் இரும்புத் துகள்கள் பெயிண்டில் பதிந்து, ஈரத்தில் துருப்பிடித்து, மிகச் சிறிய பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். நம் சொந்த வண்டியின் பிரேக் தூசியும் அதே வகைதான். கிளே பாருக்கு முன்னால் இரும்புத் துகள் நீக்கி ஒன்றை வாங்குங்கள். அதில் உள்ள தையோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக மாறும். தெளித்த சில நிமிடங்களில் ஊதா நிறம் வழிவதை நீங்களே பார்க்கலாம். நாற்றம் கடுமையாக இருக்கும், திறந்த வெளியில், நிழலில் செய்யுங்கள், காயவிடாமல் கழுவிவிடுங்கள். அது கழற்றும் துகளைக் கிளே பாரால் இழுத்துத் தேய்க்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய நன்மை.

அதன்பிறகு, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டின்மேல் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத மேடுபள்ளமும் தெரியும். இன்னும் சொரசொரப்பு இருந்தால் மட்டும் மென்மையான ரகக் கிளே பாரை, வழுக்கும் திரவத்தை நிறையத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். கருநிறத்தில் எவ்வளவு மென்மையான கிளேயும் மங்கலான தடத்தை விடும் என்பதால், உடனடியாகப் பாலிஷ் போடப்போகும் நாளில்தான் கிளே பாரைக் கையில் எடுக்க வேண்டும். கீழே விழுந்த கிளேயைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

இனி பாலிஷர். டூயல் ஆக்‌ஷன் வகையில் பேட் சுழல்வதோடு, மையம் விலகிய சிறு வட்டத்திலும் ஊசலாடும். அழுத்தம் கூடினால் சுழற்சி தானாகவே நின்றுவிடும், எனவே ஓர் இடத்தில் வெப்பம் குவிவது மிகவும் குறைவு. ஊசலாட்டத்தின் அளவு 8, 15, 21 மில்லிமீட்டர் எனப் பலவகை உண்டு. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் கருவிகளைப் பரவலாக்கியது. அகலமான ஊசலாட்டம் வேலையை விரைவாக்கும், ஆனால் வளைவான பகுதிகளில் எளிதில் சுழற்சி நிற்கும். நமது செடான்களின் வளைந்த கதவுகளுக்கும் குறுகிய தூண்களுக்கும், முதல் கருவியாக, பேட் ஒட்டும் 5 அங்குல பிளேட் கொண்ட 8 அல்லது 15 மில்லிமீட்டர் கருவியையே சொல்வேன். வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள வாட் எண்ணைப் பார்ப்பதைவிட, அதே அளவு பிளேட்டும் கார்பன் பிரஷும் உள்ளூரில் மாற்றுவதற்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். துளைபோடும் டிரில்லில் பேட் மாட்டி ஓட்டும் தொகுப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை கைப்பிடியும் சமநிலையும் இல்லாத ரோட்டரிதான், வேண்டாம்.

பேட்டுகளில் கம்பளியும் மைக்ரோஃபைபரும் வேகமாக வெட்டும், நுரைப் பேட் மென்மையானது. நுரைப் பேட்டின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு மற்றொரு நிறுவனத்தின் வெள்ளைக்குச் சமமாக இருக்கும். நிறங்களுக்குப் பொதுவான தரம் கிடையாது. நடுத்தர நுரைப் பேட் நான்கு, மென்மையானது இரண்டு போதும். எண்ணிக்கை ஏன் என்றால், சில பகுதிகளை முடித்ததும் பேட் பாலிஷையும் தேய்ந்த பெயிண்டையும் குடித்துச் சூடாகிவிடும். அதே பேட்டில் முழுக் காரையும் முடிக்க முயல்பவர்கள்தான் "கம்பவுண்டு சரியில்லை" என்கிறார்கள்.

திரவத்தில் கம்பவுண்டை முதலில் வாங்காதீர்கள். மெகுவியர்ஸ், 3எம், மென்சர்னா, சோனாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அனைத்திலும் மெருகேற்றும் மென்மையான பாலிஷ் ஒன்று இருக்கும். எது உங்கள் ஊர்க் கடையில் கலப்படமின்றிப் புதிதாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் அடைத்து, மென்மையான பேட், மென்மையான பாலிஷ் என்ற இணையால் முதலில் முயலுங்கள். பேட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு முறை, மிக மெதுவான நகர்வு. பிறகு 15 முதல் 25 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, வெயிலிலோ கைபேசி விளக்கிலோ பாருங்கள். துடைப்பதற்கு முன் மறைந்த கீறல் துடைத்தபின் திரும்பத் தெரிந்தால், அது எடுபடவில்லை, பாலிஷில் உள்ள எண்ணெயால் மூடப்பட்டிருந்தது. அப்போதுதான் ஒரு படி கடுமையான பேட்டுக்கும், அதற்கடுத்து கம்பவுண்டுக்கும் போக வேண்டும். நகம் தட்டுப்படும் ஆழமான கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுவதும் எடுக்க வேண்டிய அளவுக்குக் கிளியர் கோட் யாருடைய காரிலும் இல்லை.

பற்பசையால் தேய்க்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்: அதுவும் சிராய்ப்புப் பொருள்தான், துகளின் அளவு பெயிண்டுக்கானது அன்று.

நெல்லைச்சீமை எழுதியது:

செராமிக் புட்டியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. 9எச் என்றால் வைரத்துக்கு அடுத்த கடினம், அதைப் பூசிவிட்டால் கீறலே விழாது, பிறகு இத்தனை வேலையும் தேவையில்லை என்று கடைகளில் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை?

உப்புநீர் எழுதியது:

உண்மையில்லை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, குவார்ட்ஸ் 7. புட்டியில் உள்ள 9எச் அந்த அளவுகோலைச் சேர்ந்ததே அன்று. அது ஐ.எஸ்.ஓ. 15184 என்ற பென்சில் சோதனை. மென்மையான பென்சிலில் தொடங்கி 9எச் என்ற கடினமான பென்சில் வரை பூச்சின்மேல் கீறிப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலும் தடம் பதிக்காவிட்டால் பூச்சுக்கு 9எச் என்று பெயர். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான். சாலைத் தூசியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். பென்சிலைத் தாங்கும் பூச்சு மணலையும் தாங்கும் என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

செராமிக் பூச்சுக்கு மெய்யான பயன்கள் உண்டு. நீர் நிற்காமல் வழியும், அழுக்கு ஒட்டுவது குறையும், எச்சத்துக்கும் பூச்சிக்கும் எதிராகச் சற்று நேரம் கிடைக்கும். ஆனால் கடின நீர்ப் பகுதிகளில் அதற்கு ஒரு பாதகமும் உண்டு: நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்பதால், காயும்போது உப்பும் அந்தப் புள்ளிகளில் குவிகிறது. மேலும் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவுதான். அதன் அடியில் உள்ள கீறலை அது மறைக்காது, மேலும் பளிச்சென்று காட்டும்.

கார் வாங்கும்போது சில விற்பனையகங்களில் டெஃப்ளான் பூச்சு என்ற பெயரில் தனியாகத் தொகை வாங்குகிறார்கள், அதையும் இத்துடன் சொல்லிவிடுகிறேன். டெஃப்ளான் என்ற அந்தப் பொருள் 327 டிகிரியில்தான் உருகும். வறுவல் சட்டியில் அது சூளையில் சுட்டு ஒட்டவைக்கப்படுகிறது. கார் பெயிண்டை அந்த வெப்பத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே பூசப்படுவது வழக்கமான பாலிமர் மெழுகு என்ற அளவிலேயே அதை மதிப்பிட வேண்டும்.

மதுரை மல்லிகை எழுதியது:

மெழுகைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளலாம். கார்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைப்பது. கருநிறத்தில் அது தரும் ஆழம் அழகானது. தூய நிலையில் 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் டப்பாவில் எண்ணெயும் கரைப்பானும் கலந்திருப்பதாலும், சித்திரை வெயிலில் கருநிற பானெட் 70 டிகிரியைத் தொடுவதாலும், நம் ஊரில் சில வாரங்களுக்குமேல் நான் எதிர்பார்ப்பதில்லை. மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட நீடிக்கும். வீட்டில் தொடங்குபவருக்கு, கழுவி ஈரம் ஒற்றியபின் தெளித்துத் துடைக்கும் சிலிக்கா ஸ்பிரே சீலன்டையே நான் சொல்வேன். பூசுவதில் தவறு நேர்ந்தாலும் மறுமுறை கழுவிச் சரிசெய்யலாம். புட்டிச் செராமிக் அப்படியன்று. புழுக்கமான நாளில் அது எதிர்பார்ப்பதைவிட விரைவாக இறுகி, துடைக்கத் தாமதித்த இடத்தில் திட்டாக நின்றுவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தரமணிக்காரன் எழுதியது:

முன்பு தேர்ந்து வைத்த மூன்று பொருள்களையும் நீக்கிவிட்டேன். இப்போதைய பட்டியல்: வாளிகளும் சல்லடைத் தட்டுகளும், இரண்டு கையுறைகள், மூன்று வகைத் துண்டுகள், நடுநிலை ஷாம்பு, அலசத் தேவையில்லாத திரவம், இரும்புத் துகள் நீக்கி, தார் நீக்கி, ஸ்பிரே சீலன்ட், டி.டி.எஸ். மீட்டர். இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் தொகையோடு அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து சேர்த்து டூயல் ஆக்‌ஷன் பாலிஷரும் பேட்டுகளும் வாங்கலாம் என்றிருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் பாலிஷ் முடித்துவிட வேண்டும். ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது: முன்பக்க இடது கதவு உரசியதால் சென்ற மாதம்தான் பட்டறையில் மறுபெயிண்ட் அடித்தேன். அதையும் மற்ற பகுதிகளைப் போலவே நடத்தலாமா?

கோவை பெயிண்ட் பூத் எழுதியது:

இதைக் கேட்டது நல்லதாயிற்று. தொழிற்சாலையில் பெயிண்ட் 140 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுகிறது. பட்டறையில் ரப்பர், பிளாஸ்டிக், வயர்களெல்லாம் வண்டியிலேயே இருப்பதால் 60 டிகிரியில் அரைமணி நேரம்தான் சூடேற்ற முடியும், பல இடங்களில் அதுவுமின்றிக் காற்றிலேயே உலரவிடுகிறார்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறி முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். காற்றில் உலர்ந்தது என்றால் இரண்டு மாதம் வரை மெழுகு, சீலன்ட், செராமிக் எதையும் அந்தக் கதவில் போடாதீர்கள். கரைப்பான் வெளியேறும் வழியை அவை அடைத்துவிடும். இரும்புத் துகள் நீக்கியும் தார் நீக்கியும் அதுவரை வேண்டாம். நடுநிலை ஷாம்புவும் மென்மையான கையுறையும் மட்டும். பட்டறைக்காரரிடம் பூத்தில் சூடேற்றினாரா, எந்தக் கிளியர் கோட், எத்தனை அடுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிஷ் போடும் நாளில் பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இரும்புத் தகட்டிலும் அலுமினியத்திலும் அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் அளக்காது. தொழிற்சாலைப் பெயிண்ட் உள்ள வலது கதவில் 110 என்று காட்டினால், மறுபெயிண்ட் அடித்த இடது கதவில் 200க்கு மேலும் காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்து அங்கே தாராளமாகத் தேய்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதலாக இருப்பது பள்ளம் நிரப்பும் பட்டியாகவும் பிரைமராகவும் இருக்கலாம், மீட்டர் மொத்தத்தை மட்டுமே சொல்லும். பட்டறைப் பெயிண்ட் பொதுவாக மென்மையாகவும் இருக்கும் என்பதால் அந்தக் கதவுக்குத் தனியாக ஒரு சோதனைச் சதுரம் போட்டுப் பாருங்கள். பானெட்டுக்குப் பொருந்திய பேட் அங்கே கடுமையாக இருக்கக்கூடும். 80 மைக்ரானுக்குக் கீழ் காட்டும் பகுதி ஏதேனும் இருந்தால் பாலிஷரை அங்கே கொண்டுபோகாமல், சீலன்ட் மட்டும் பூசி விட்டுவிடுங்கள்.